மேலடுக்கில் உடைந்த ஓடுகள்

மக்கா,

உன் அஞ்சலட்டை வந்து ஒன்பது நாள் ஆகிறது. வந்த அன்றே பதில் போட்டிருக்கலாம். மூன்று தடவை எழுதவும் எழுதினேன், மூன்றையும் கிழித்துவிட்டேன். பம்பாயில் உனக்குச் சரக்குக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, அதில் இரண்டு எஞ்சின், பின்பக்கம் நம் லாஞ்சைப் போலவே கிடந்து குலுங்குகிறது, இந்த மாதக் கடைசியில் கிளம்பினால் திரும்ப ஒன்றரை வருஷம் ஆகும் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறாய்: "நம் லாஞ்சின் குலுக்கம் இப்போது எப்படி இருக்கிறது?" நாலு வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட ஒரே கேள்வி இது. இல்லை, இப்போது குலுங்குவதில்லை என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் எப்போதிலிருந்து குலுங்கவில்லை, யாரால் குலுங்கவில்லை என்று நீ அடுத்த தபாலில் கேட்பாய். அதற்கு நான் சொல்லவேண்டிய பதிலைக் கேட்டபின் நீ எனக்கு அஞ்சலட்டைகூடப் போடாமல் போகலாம். அந்தப் பயத்தில்தான் ஒன்பது நாள் போயிற்று.

உன் அம்மை போனபிறகு இந்த வீட்டில் நான் படுக்க மட்டும்தான் வருகிறேன். மத்தியானச் சாப்பாடு கடைக்கு ஓட்டலிலிருந்து தூக்குவாளியில் வருகிறது. இரண்டு பேர் சாப்பிடும் அளவு அனுப்புகிறான். குறைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாஞ்சு குளச்சலுக்கு வந்து நங்கூரம் போட்டதும் வள்ளத்தில் ஏறி நானே போகிறேன். சரக்கு பார்க்கக் கடை ஆள் போதும். நான் போவது மைதீனோடு நாலு வார்த்தை பேசலாமே என்றுதான். எஞ்சின் டிரைவர் ஆனாலும், எனக்கு முன்னால் பயப்படாமல் பேசுகிறவன் இப்போது அவன் ஒருத்தன்தான் மிச்சம். கடைத்தெருவில் எல்லோரும் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நானும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

லாஞ்சு வாங்கின கதை உனக்குத் தெரியும், ஆனாலும் நான் எப்படி நினைத்து வாங்கினேன் என்பது தெரியாது. சுதந்திரம் வந்த வருஷம் கொச்சியில் யுத்தகாலப் படகுகளை ஏலம் போட்டார்கள். கருப்பட்டிக் கடகத்தைத் தலையில் சுமந்து வடசேரிச் சந்தைக்கு நடந்தவன் நான். சொந்தமாய் ஒரு லாஞ்சு, அதிலும் இரண்டு எஞ்சின் வைத்தது, என்றால் எனக்கு மயக்கம் வராமல் இருக்குமா? ஒன்று நின்றுபோனாலும் மற்றது கரை சேர்க்கும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு எஞ்சின் இரண்டு விதமாகத் தண்ணீரை அடிக்கும் என்பது என் கணக்கில் வரவில்லை. கொல்லத்துக்குப் போகும்போது கருப்பட்டியும் கருவாடும் கயிறும்; அதில் ஒரு தொந்தரவும் இல்லை. கொல்லத்திலிருந்து திரும்பும்போது கூரை ஓடு. எஞ்சினுக்குப் பின்னால் உள்ள அறையில் அடுக்கின ஓட்டில் அடி வரிசைகள் ஒவ்வொரு பயணத்திலும் விரிசல் விட்டன. வைக்கோல் திணித்தேன். தேங்காய்த் தும்பு திணித்தேன். மலைத்தோட்டத்து ரப்பர் ஷீட் வாங்கி அடுக்குக்கு அடியில் விரித்தேன். ஓடெல்லாம் ஊஞ்சல் ஆடி இன்னும் கூடுதலாக உடைந்தது. அடுக்குகிறவர்களைத் திட்டினேன். மைதீன் குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்றுகூடச் சொன்னேன், அவன் வாழ்நாளில் தொட்டதில்லை என்று தெரிந்தும்.

அந்தக் குலுக்கம் ஒரே மாதிரி இருக்காது, நினைவிருக்கிறதா? முப்பது எண்ணுவதற்குள் பல் கிட்டுகிற மாதிரி வரும், பிறகு தானாக அடங்கும், ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், மறுபடி மெல்ல ஏறும். கடல்தான் அப்படி என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். நீதான் பதினெட்டு வயதில் கடையில் என் முன்னால் வந்து நின்று சொன்னாய்:

"எப்பா, அது கடல் இல்ல. அம்மையும் பக்கத்து வீட்டுச் சித்தியும் முற்றத்துல ரெண்டு உரல் போட்டு நெல்லு குத்துவாளுவல்லா, பாத்திருக்கியளா?"

"எனக்கு வேற வேல இல்லியா? பொம்பளைய நெல்லு குத்துறதப் பாத்துட்டு நிப்பேனா?"

"ரெண்டு உலக்கையும் ஒண்ணா விழுந்தா வீட்டுச் சுவரு அதிரும். ஒண்ணு விழும்போ மற்றது மேல நிண்ணா அதிராது. தண்ணிக்குள்ள சுத்துற நம்ம ரெண்டு விசிறியும் அதுதான் செய்யுது. ஒண்ணு கொஞ்சம் வேகமா சுத்துது, மற்றது கொஞ்சம் பைய சுத்துது. ஒத்து அடிக்கும்போ குலுங்குது, மாத்தி அடிக்கும்போ அடங்குது."

"அப்ப ரெண்டையும் ஒரே வேகத்துல விடச் சொல்லு. தீந்துது."

"ஒத்து அடிக்கும்போ ஒரே வேகத்துல பூட்டினா கொல்லம் முதல் குளச்சல் வரை அப்படியே குலுங்கும் எப்பா. மாத்தி அடிக்கிற நேரம் பாத்துல்லா பூட்டணும்."

கடையில் அன்று வந்திருந்தவர்கள் எதிரில், "படிச்சவன் சொல்லுகான், எஞ்சினுக்கு நெல்லு குத்தப் படிச்சுக் குடுக்கணுமாம்" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். உன் காது சிவந்தது. நீ சொன்னது சரி என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது, மக்கா. நான் சிரித்தது அதனால்தான்.

பிறகு நீயும் மைதீனும் சேர்ந்து அந்த விளக்குப் பலகையைச் செய்தீர்கள். ஒவ்வொரு விசிறித் தண்டிலும், விசிறிக்கு மூன்று இதழ் என்பதால், இதழுக்கு ஒன்றாக மூன்று பித்தளைக் குமிழ். தண்டு சுற்றும்போது குமிழ் ஒரு தகட்டைத் தட்டும். இரண்டு பக்கத் தகடும் ஒரே நேரத்தில் தட்டுப்பட்டால்தான் கம்பி வழியாக மின்சாரம் ஓடி டார்ச் பல்பு எரியும். பல்பு மினுங்கினால் இரண்டு விசிறியும் ஒத்து அடிக்கின்றன. ஒரு எஞ்சினின் கைப்பிடியை அரை நூல் நகர்த்தி வேகம் கூட்டி, பல்பு அணைந்ததும் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். மறுபடி மினுங்கினால் மறுபடி அரை நூல். அவ்வளவுதான். "உலகத்துல விளக்கு எரியப்பிடாதுண்ணு நேர்ச்சை வைக்கிறவன் நான் ஒருத்தன்தான் மொதலாளி" என்று மைதீன் சிரித்தான்.

அதோடு நின்றிருந்தால் நல்லது. நீ பம்பாய்க்குப் போய்க் கப்பல் எஞ்சின் படிக்கவேண்டும் என்று அம்மை மூலம் சொல்லி அனுப்பினாய். நான் பேரம் பேசித்தான் எதையும் செய்து பழகினவன். உன்னோடும் பேரம் பேசினேன். இந்தப் பலகையை வைத்து ஒரு தடவை ஓடு கொண்டுவருவோம். உடையாமல் வந்தால் நீ பம்பாய்க்குப் போ. உடைந்தால் இந்தப் பேச்சை விட்டுவிட்டுக் கடையில் உட்கார். நீ ஒரு நொடிகூட யோசிக்காமல் சரி என்றாய். நானும் கூட வருகிறேன் என்று நீ சொன்னதற்கு நான் சம்மதிக்கவில்லை. "நீ இல்லாம ஓடினாத்தான அது விளக்கு. நீ நிண்ணு ஊதி ஊதி எரிச்சா அது வித்தைல்லா" என்றேன். கேட்க நியாயமாக இருந்தது. எனக்கு எப்போதுமே கேட்க நியாயமாகப் பேச வரும்.

நானும் மைதீனும் ஓடு ஏற்றிக்கொண்டு விடியக் கொல்லத்தை விட்டோம். முதலில் குலுக்கம் வந்தது. மைதீன் கைப்பிடியை லேசாகத் தொட்டான், பல்பு மினுங்கி மினுங்கி அணைந்தது. குலுக்கமும் கூடவே இறங்கியது. மேலும் கீழும் துள்ளுவது நின்று, பக்கவாட்டில் லேசாக ஒரு முறுக்கம் மட்டும் இருந்தது. நான் பின் அறைக்குள் இறங்கி ஓட்டு அடுக்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்று வருஷமாக அந்த அடுக்கு கையில் நண்டு பிடித்தமாதிரி துடிக்கும். அன்று சும்மா கிடந்தது. விழிஞ்ஞம் தாண்டும்வரை நான் கையை எடுக்கவில்லை. எனக்கு என்ன சந்தோஷம் தெரியுமா? என் பிள்ளை செய்தது என்று மைதீனிடம் கத்திச் சொல்லலாமா என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்குப் பின்னாலேயே மற்றது வந்தது. நீ போய்விடுவாய். ஒரே பிள்ளை. நீ பிறக்குமுன்னே எனக்கு அப்பனும் இல்லை, கூடப்பிறந்தவனும் இல்லை. உனக்காகத்தான் இந்தக் கடை, இந்த வீடு, இந்த லாஞ்சு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சேர்த்தவன். நீ பம்பாயிலிருந்து திரும்பி இந்த ஊருக்கு வந்து ஓடும் கருப்பட்டியும் விற்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

குளச்சலில் நங்கூரம் போட்டபோது வெயில் இறங்கியிருந்தது. கரையிலிருந்து வள்ளங்கள் கிளம்புவது தெரிந்தது. முதல் வள்ளத்தில் நீ நின்றுகொண்டே வந்தாய். மைதீன் எஞ்சினை நிறுத்திக்கொண்டிருந்தான். நான் பின் அறைக்குள் இறங்கினேன். குதிகாலால் மிதித்தேன். ஒரு அடுக்கு, அடுத்த அடுக்கு, அதற்கடுத்தது. ஓடு உடைகிற சத்தம் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. என் சரக்கை இன்னொருத்தன் கை தவறிப் போட்டால்கூட நான் பொறுக்கமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அன்று நானே மிதித்தேன். நீ ஏணி வழியாக இறங்கும்போது தலைப்பாகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்துக்க மக்கா, உனக்க விளக்கு ஒண்ணும் செய்யல்ல" என்றேன்.

கரைக்குக் கொண்டுபோன ஓடுகளை மணலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விரல் மடக்கித் தட்டிப் பார்த்தாய். நல்ல ஓடு கணீரென்று சொல்லும். விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். நான் சொல்லிக்கொடுத்த வேலைதான். அன்று கரை முழுக்கக் கணீர் கணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு எழுந்து வந்து கேட்டாய்:

"எப்பா, எப்பவும் அடியில உள்ளதுதான உடையும்? இண்ணைக்கு மேல உள்ளதுல்லா உடைஞ்சிருக்கு?"

"கடல் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "சரி எப்பா" என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை கடைக்கு வந்து உட்கார்ந்தாய். அன்றைக்கே உனக்குத் தெரியுமா, இல்லை சந்தேகம்தானா என்று நான் இத்தனை வருஷம் யோசித்துப் பார்த்தாயிற்று. உன் அஞ்சலட்டையைப் படித்தபிறகும் அதே யோசனைதான். தெரியாமல் கேட்கிறாயா, சொல்ல எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்கிறாயா?

உன் அம்மைக்குத் தெரியும். குதிகாலில் ஓடு கிழித்து ரத்தம் கட்டியிருந்தது. மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து உட்கார்ந்தவள், "ஓடு உடைஞ்சது லாஞ்சிலயா, காலுலயா?" என்று கேட்டாள். "பேசாம கட்டு ஏட்டி" என்றேன். பேசாமல் கட்டினாள். உன்னிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் நீ அந்த நிமிஷமே போய்விடுவாய், எனக்கும் உனக்கும் பிறகு பேச்சே இருக்காது என்று பயந்திருப்பாள். ஆனால் என்னை விடவும் இல்லை. கடைசியில் படுக்கையில் கிடந்தபோது, கஞ்சி குடித்தாயா என்று நான் கேட்டால், "அவனுக்கு எழுதினியளா?" என்று திருப்பிக் கேட்பாள். எழுதுகிறேன் என்பேன். நீ காரியத்துக்கு வந்து மூன்று நாள் இருந்தாய். மூன்று நாளும் நாம் இரண்டு பேரும் விறகையும் பந்தல்காரனையும் பற்றித்தான் பேசினோம். நீ பஸ் ஏறும்போது சொல்லிவிடலாம் என்று கூடவே வந்தேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்ததா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

இதைவிடக் கேவலமானது ஒன்று இருக்கிறது. நீ இரண்டு வருஷம் கடையில் உட்கார்ந்துவிட்டு ஒருநாள் காலை சொல்லாமல் போனாயே, அந்த வாரமே மைதீன், கழற்றிப் போட்டிருந்த பலகையை எடுத்து மறுபடி மாட்டிவிட்டான். என்னிடம் கேட்கவில்லை, நானும் தடுக்கவில்லை. அன்றிலிருந்து நம் லாஞ்சில் ஓடு உடைந்ததில்லை. மற்ற வியாபாரிகள் வந்து, "அண்ணாச்சி, உங்க ஓடு மட்டும் எப்படி முழுசா வருது?" என்று கேட்பார்கள். அடுக்குகிற விதத்தில் இருக்கிறது என்று சொல்லுவேன். உன்னைத் தோற்கடித்த பொருளை வைத்து நான் நாலு வருஷமாகப் பேர் வாங்குகிறேன்.

இனி நீ கேட்ட விஷயம். உன் கப்பல் பெரிது. நம் லாஞ்சுக்குச் சொன்னது அப்படியே அதற்கு ஒத்துவருமா என்று எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். மைதீன் சொல்லச் சொன்னதை எழுதுகிறேன். பலகை செய்யுமுன் கப்பலை முழுக்க நடந்து எந்த இடத்தில் குலுக்கம் அதிகம் என்று பார்த்து வை. பாதி வேகத்தில் ஒரு இடம், முழு வேகத்தில் வேறு இடமாக இருக்கலாம். ஏறி இறங்கிக் குலுங்கினால் இரண்டும் வேகம் ஒத்துப்போகவில்லை. ஒரே சீராகக் குலுங்கினால் கெட்ட நேரத்தில் வேகம் ஒத்துப்போய், இரண்டும் சேர்ந்தே அடிக்கின்றன. சில வேகத்தில் இந்த விளக்கு உதவாது, கப்பலே சேர்ந்து அதிரும். அந்த வேகத்தில் நிற்காமல் தாண்டிப் போய்விடு. இரண்டு எஞ்சினுக்கும் ஒருத்தனே பொறுப்பாக இருக்கட்டும். இரண்டு பேர் ஆளுக்கு ஒன்றைத் திருகினால் விடியுமட்டும் ஒருத்தனை ஒருத்தன் துரத்திக்கொண்டிருப்பார்கள். இது மைதீன் சொன்னது. நான் சொல்வது ஒன்றுதான்: முடிவு எப்படி வந்தாலும் தனக்கு லாபமும் நஷ்டமும் இல்லாத ஒருத்தனை வைத்துச் சோதித்துப் பார். உன் மேலதிகாரி என்னைப்போல நியாயமாகப் பேசுகிற ஆளாக இருந்தால், சரக்கு அறைக்குள் அவரைத் தனியாக இறங்க விடாதே.

முந்தாநாள் லாஞ்சு வந்தது. வள்ளத்தில் போய், மைதீனிடம், அவன் ஆட்கள் நாலு பேரும் நிற்கும்போதே சொன்னேன்: "அந்த ஓட்ட நான்தான் உடைச்சேன். இவ்வளவு நாளும் ஓடு முழுசா வாறது எனக்க மகனுக்க விளக்கால." மைதீன் கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடக்கி வைத்துவிட்டு, "எனக்கு அண்ணைக்கே கேட்டுது மொதலாளி" என்றான்.

"பின்ன ஏம்ல அவன்கிட்ட சொல்லல்ல?"

"எனக்கு மூணு பொட்டப் பிள்ளைய. உங்க வேலைய விட்டா நான் எங்க போவ? உங்களுக்கு அப்படி என்ன பயம் இருந்துது? அதச் சொல்லுங்க."

நான் உன் அஞ்சலட்டையை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் பலகை எப்படிச் செய்வது என்று பென்சிலால் படம் போட்டுக் கொடுத்திருக்கிறான், இத்துடன் வைத்திருக்கிறேன். குமிழைப் பித்தளையில் வைக்காதே, தேய்ந்துபோகிறது, வெண்கலம் போடு என்றான்.

உன்னைத் திரும்பி வரச்சொல்லி நான் இதை எழுதவில்லை. கப்பலை விட்டுவிட்டு வந்தாயானால் நான் அன்று செய்ததையே இன்னொரு தடவை செய்த மாதிரி ஆகும். ஒன்றரை வருஷம் முடிந்து பம்பாயில் இறங்கும்போது, இங்கே வரலாமா வேண்டாமா என்று நீ அப்போது முடிவு செய். வந்தால் வீட்டில் இரண்டு பேருக்குச் சாப்பாடு இருக்கிறது. வராவிட்டால் உன் கப்பலில் பல்பு எரிந்ததா அணைந்ததா என்று மட்டும் ஒரு அஞ்சலட்டை போடு. என் பேரைக்கூட எழுதவேண்டாம், கடை விலாசம் போதும். அணைந்தது என்றால் அதைக் கடையில் வந்து உட்காருகிற எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன். அவர்களில் மூன்று பேர் அன்று என்னோடு சேர்ந்து சிரித்தவர்கள்.

தபால் எடுக்கிறவன் சைக்கிள் வரும் நேரம் ஆகிவிட்டது. இதை மறுபடி படித்துப் பார்க்காமல் ஒட்டப்போகிறேன். படித்தால் நான் ஓடுகளை மிதித்த பத்தியை அடித்துவிட்டு, நலம் என்று ஒரு வரி எழுதி அனுப்புவேன். எனக்கு என்னைத் தெரியும்.

அப்பா